முப்பத்தேழாம் பக்கம்

வாங்க கண்ணு, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுல சீஃப் கெஸ்டுங்க மட்டுந்தான் உக்காருவாங்க. இந்தப் பக்கமா சோபாவுக்கு வந்துருங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல மோரு குடிங்க.

உங்க கம்பெனி லெட்டர் போன வாரமே வந்துருச்சுங்க. ரெண்டு தடவை படிச்சேன். எங்க ரேணுகாதேவியப் பைலட்டா எடுக்கறதுக்குப் பரீட்சையெல்லாம் வச்சுட்டீங்க, எல்லாத்துலயும் அவ பாஸு. ஒரே ஒரு வெசயந்தான் பாக்கி. எங்க சங்கத்து விமானத்தோட கோளாறுப் புஸ்தகத்துல முப்பத்தேழாம் பக்கத்தக் கிழிச்சுட்டான்னு அவ மேல ஒரு பேரு இருக்குது. அதுக்காக ரெண்டு வருசம் லைசென்ஸப் புடிச்சு வச்சிருந்தாங்க. லைசென்ஸு திரும்பி வந்துருச்சு, பேரு மட்டும் போகல. அந்தப் பக்கத்த அவ கிழிக்கலைன்னு சங்கத் தலைவி நான் ஒரு வரி எழுதிக் குடுத்தா நீங்க வேலைக்கு எடுத்துக்குவீங்க. அவ்வளவுதானுங்களே?

ஒரு வரி எழுதறதுக்கு எனக்கு என்னங்க வலிக்குது. எனக்கு அவ மேல ஒரு கோவமும் இல்லீங்க கண்ணு. ஆனா நீங்க இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. ஆளப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டுப் போகணுமில்லீங்களா? எழுதிக்குங்க. எழுதறதுக்குத்தானே நோட்டுக் கொண்டாந்தீங்க.

எங்க சங்கத்துக்கு வயசு இருவத்தேழுங்க. கொங்கு வான்மகளிர் சங்கம். ஆரம்பிச்சது நானு. இந்த விமானத்திடல் எங்க மாமனார் காலத்துல மில்லு வேலைக்காகப் போட்டது. எங்க ஊட்டுக்காரரு கோழிப்பண்ணை வைக்கலாம்னாரு. நாந்தான் விடல. மெம்பருங்க பதினாலு பேரு. அதுல பறக்கறவங்க நாலு பேரு. மத்தவங்க எல்லாம் பறக்க ஆசப்படறவங்க, பறந்தவங்களோட சம்சாரம், இப்படி. எல்லாருக்கும் ஒரே மாதிரி வான நீலத்துல சேலை. அத நான்தான் நெய்யச் சொல்லி வாங்குனேன்.

நாங்க பண்ணாத சேவை இல்லீங்க. சுத்துப்பட்டுல எந்தக் கோயில்ல கும்பாபிசேகம்னாலும் மேல இருந்து பூத் தூவறது நாங்கதான். விதைப்பந்து போடறது, கண்ணு முகாம், பல்லு முகாம். ஒரு வருசம் கரட்டு மேல போட வேண்டிய விதைப்பந்து காத்துல தள்ளி ஒருத்தரு கோழிப்பண்ணைக் கூரை மேல போயி உழுந்துருச்சு. சத்தத்துல கோழிக அறுவது எழுவது மெரண்டு செத்துப்போச்சுன்னு அந்தாளு வந்து ஒரே ரகளை. சாகறதுக்குத்தானய்யா வளத்துன, நீ அறுத்தா என்ன, அதுவாச் செத்தா என்னன்னேன். வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான்.

ரேணுகாவ நாங்கதான் படிக்க வச்சோம். அத நீங்க மொதல்ல எழுதிக்கணும். அவங்கப்பன் சங்ககிரியில லாரி டிரைவரு. பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கு நாங்க வைக்கற கட்டுரைப் போட்டியில ஜெயிச்சு, மொத மொதல்ல விமானத்துல ஏறுனவ. எறங்கி வந்து மத்த புள்ளைங்க எல்லாம் மேகம் பாத்தேன், ஆடு பாத்தேன்னு சொல்லுதுங்க. இவ பைலட்டுகிட்டப் போயி, அந்த மூணாவது முள்ளு ஏனுங்க ஆடிக்கிட்டே இருந்துச்சுங்கறா. அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. நல்லாப் படிச்சா, இல்லைங்கல. லைசென்ஸ் வாங்குனா, அப்பறம் சொல்லிக் குடுக்கற லைசென்ஸும் வாங்குனா. எங்க சங்கத்துக்கே இன்ஸ்ட்ரக்டரா வந்து உக்காந்தா. அவகிட்ட ஒரு பழக்கங்க. எதையும் ஒரு தடவதான் சொல்லுவா. சொல்லிட்டுப் பதிலுக்கு நிக்க மாட்டா, போயிருவா. பெரியவங்க முன்னால அப்படிப் போகலாமுங்களா?

சரி, வெசயத்துக்கு வர்றேன். எல்லாம் அந்தத் திசைச் சக்கரத்துல ஆரம்பிச்சதுங்க.

திசைச் சக்கரம்னா தெரியாதுங்களா? ஆபீஸ் வேலை பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும். தரையில பெரிசா ஒரு நட்சத்திரம் வரையறதுங்க, நாப்பது அடி அகலத்துக்கு. வடக்கு தெக்கு எல்லாம் குறிச்சிருக்கும். அது மேல விமானத்த வடக்கப் பாத்து நிறுத்துனா, உள்ள இருக்கற திசைகாட்டியும் வடக்குன்னு காட்டணும். காட்டலீன்னா இன்ஜினியரு ஒரு சின்ன ஸ்குரூவத் திருகிச் சரி பண்ணிருவாரு. வெளிநாட்டுல பொம்பளை பைலட்டுங்க அவங்கவங்க ஊருத் திடலுக்கு இத வரஞ்சு குடுக்கறது ஒரு சேவைங்க. நான் பத்திரிகையில படிச்சேன். நம்மளும் செய்வோம்னு கமிட்டியில சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க.

ரேணுகாவும் எங்க பழைய இன்ஜினியரு தேவசகாயமும் மூணு நாளு அளந்தாங்க. கயித்தக் கட்டறது, ஆணி அடிக்கறது, கையில இருக்கற வாட்ச்சு கூடக் கழட்டி வச்சுட்டு வரச் சொல்றது. ஒரு வழியாச் சுண்ணாம்புக் கோடு போட்டு முடிச்சாங்க. நான் அடுத்த நா காலையில மாடியில ஏறிப் பாக்கறேன், கண்ணு, எனக்கு அழுகையே வந்துருச்சு. கோணலுங்க! விமானம் நிறுத்தற கொட்டகை வாசல் ஒரு பக்கம் பாக்குது, நட்சத்திரம் ஒரு பக்கம் பாக்குது. வாசல் மேல சங்கத்துப் பேரு அவ்வளவு பெரிசா எழுதி வச்சிருக்கோம். மறுநாள் ரிடையர்டு ஜட்ஜு அம்மா வந்து தெறந்து வைக்கறாங்க, மேல இருந்து போட்டோ எடுக்கறதுக்கு ஆளு வருது. வாசலுக்குக் கோணலா யாராச்சும் கோலம் போடுவாங்களா? நீங்களே சொல்லுங்க.

ரேணுகா அன்னிக்கு தேவசகாயத்தக் கூட்டிக்கிட்டுத் தூரத்துல ஒரு கும்பாபிசேகத்துக்குப் பூத் தூவப் போயிருந்தா, மறுநாதான் வருவா. அவ வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுமுங்களா? பெயிண்டரக் கூப்புட்டேன். வாசலுக்கு நேராத் திருப்பிப் போடுப்பான்னேன். ஆசைக்கு நானும் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ரோலர் புடிச்சேன். சிவப்பு, மஞ்சள், நீலம். அவ்வளவு அழகு.

மறுநா காலையில ஜட்ஜு அம்மா ரிப்பன வெட்டறாங்க. எல்லாரும் கை தட்டறோம். அந்த நேரம் பாத்து இவ வந்து நிக்கறா. கீழ பாக்கறா, கொட்டகையப் பாக்கறா. என்ன சொன்னா தெரியுமுங்களா?

"அம்மா, இது கோலம் இல்லீங்க. பன்னண்டு டிகிரி தப்பா இருக்குது. இத நம்பி யாராச்சும் திசைகாட்டியத் திருகுனா உசுரு போயிரும். அழிச்சுருங்க."

சொல்லிட்டுப் போயிட்டா. ஜட்ஜு அம்மா கத்திரிக்கோலோட நிக்கறாங்க. கை தட்டுனவங்க அப்படியே கைய வச்சுக்கிட்டு நிக்கறாங்க. எனக்கு உள்ளங்கால்ல இருந்து உச்சி வரைக்கும் எரிஞ்சுது. நாங்க படிக்க வச்ச புள்ளைங்க கண்ணு அது. அவங்கப்பன் எனக்கு முன்னால துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னவரு.

அழிக்கலாம், விழா முடியட்டும்னேன். விழா முடிஞ்சா போட்டோ எல்லாப் பேப்பர்லயும் வந்துருச்சு. சங்கத்துக் காலண்டர்ல போட்டாச்சு. அப்பறம் எப்படிங்க அழிக்கறது? தேவசகாயமும் மகன் ஊட்டோட போயிட்டாரு. இவ என்ன பண்ணுனா, ஒரு தாள்ல 'இந்தச் சக்கரம் தவறு, இதை வைத்து அளக்கக் கூடாது'ன்னு எழுதிக் கொட்டகைக் கதவுல ஒட்டி வச்சுட்டா. பெங்களூருல இருந்து மகளிர் சங்கத்துக்காரங்க வர்ற சமயம். நான் கிழிச்சுப் போட்டேன். மறுபடி ஒட்டுனா. மறுபடி கிழிச்சேன். மூணாவது தடவ ஒட்டல. அப்பத்தான் புத்தி வந்துருச்சுன்னு நெனச்சேன்.

எங்ககிட்ட விமானம் ரெண்டுங்க. ஒண்ணு ரேணுகா சொல்லிக் குடுக்கறது. இன்னொண்ணு மெம்பருங்க ஓட்டறது. வருசாந்தரச் சோதனைக்கு வெளியூருல இருந்து புது இன்ஜினியரு வந்தாரு, ரேணுகா அப்பனுக்கு ஆஸ்பத்திரியில துணைக்கு இருந்தப்ப. மெம்பருங்க வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயி நம்ம சக்கரத்து மேல நிறுத்துனாரு. திசைகாட்டி பன்னண்டு டிகிரி வெலகி இருந்துச்சுங்கம்மா, சரி பண்ணிட்டேன்னாரு. சக்கரத்த ரொம்ப அழகா வரஞ்சிருக்கீங்கன்னும் சொன்னாரு. அவரு ஒருத்தருக்காச்சும் ரசனை இருந்துச்சு. பன்னண்டுங்கற எண்ணு எங்கியோ கேட்ட மாதிரிதான் இருந்துச்சுங்க. ஆனா அடுத்த ஞாயித்துக்கெழமை ஆண்டு விழா. எனக்கு ஆயிரம் வேலை. சந்தோசமுங்க, சாப்புட்டுட்டுப் போங்கன்னேன்.

ஆண்டு விழாவுல எங்களுக்குன்னு ஒரு போட்டி இருக்குதுங்க. அந்தக் காலத்து முறையில பறக்கறது. கையில மேப்பு, வாட்ச்சு, திசைகாட்டி, அவ்வளவுதான். செல்போனெல்லாம் முறுக்கு டின்னுல போட்டு என்ற கிட்டக் குடுத்துறணும். ரேடியோவுல வழி கேட்டா மார்க்குப் போயிரும். அந்த வருசம் என்ற மருமக ஹரிணி மொத தடவ கலந்துக்கறா. லைசென்ஸ் வாங்கி ஏழு மாசம். பக்கத்துச் சீட்டுல கட்டுரைப் போட்டியில ஜெயிச்ச கவர்மெண்டு ஸ்கூல் புள்ள, மோனிஷா, ஏழாவது படிக்குது. 'நானும் ஒரு நாள் பறப்பேன்'னு எழுதுன புள்ள. தலை நெறையக் கனகாம்பரம் வச்சுக்கிட்டு வந்திருச்சு.

காலையில எட்டு மணிக்கு ரேணுகா ஒவ்வொரு வண்டியா எடுத்து ஓடுதளத்துல நிறுத்தி, ஓடுதளத்துத் திசையும் திசைகாட்டியும் ஒத்துப்போகுதான்னு பாத்தா. மெம்பருங்க வண்டிய நேரா நிறுத்துனவ, பறக்கல. அப்படியே திருப்பிக் கொண்டாந்து நிறுத்திட்டா. கோளாறுப் புஸ்தகத்துல என்னமோ எழுதுனா. ஸ்னாக் புக்கும்பாங்க அத. அதுல பைலட்டு ஒரு கோளாற எழுதிட்டா, இன்ஜினியரு வந்து பாத்துக் கையெழுத்துப் போடற வரைக்கும் அந்த வண்டிய யாரும் தொடக்கூடாது, அதுதான் சட்டம். புஸ்தகத்தையும் சாவியையும் என்ற மேஜை மேல வச்சா.

"அம்மா, இந்த வண்டி இன்னிக்குப் பறக்காதுங்க. எழுதிட்டேன்."

அதேதாங்க. ஒரு தடவ சொன்னா, போயிட்டா. இன்னொரு வண்டியில பள்ளிக்கூடப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ரவுண்டு அடிக்க மேல போயிட்டா.

நீங்க என்ற எடத்துல இருந்து பாருங்க கண்ணு. பந்தல் போட்டிருக்குது. நாதஸ்வரம் வாசிக்கறாங்க. எரநூறு பேரு உக்காந்திருக்காங்க. மருமக புதுசாத் தைச்ச டிரெஸ்ஸப் போட்டுக்கிட்டு நிக்கறா, முதுகுல அவ பேரு எம்பிராய்டரி. இவ ஒரு வரி எழுதுனான்னு எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போகச் சொல்றீங்களா? நான் அந்தப் புஸ்தகத்த எடுத்து என்ற கைப்பைக்குள்ள வச்சேன். ஒளிச்சு வைக்கலீங்க. மேஜை மேல கெடந்தா எவனாச்சும் மோரக் கொட்டிருவான்.

ஹரிணி வந்தா. "சாவி எங்கத்தை?"ன்னா. இந்தான்னு குடுத்தேன். "ரேணுகாக்கா வண்டியப் பாத்துட்டாங்களா? ஓகே சொல்லிட்டாங்களா?"ன்னா. நான் "ம்ம்"ன்னேன்.

அவ்வளவுதானுங்க நான் பண்ணுனது. ம்ம். அதுல பொய் எங்க இருக்குது? தொண்டையக் கனைச்சேன்னு வச்சுக்குங்க. ஒரு பத்து நிமிசம் வழி தப்பிச் சுத்திட்டு வந்தா வரட்டுமே, இவ எழுதி வச்சா எழுதி வச்சதுதானாங்கற வேகம் எனக்கு. அது மனுச மனசு இல்லீங்களா? அத எழுத வேண்டாம்.

அரை மணி நேரங்கழிச்சு ரேணுகா எறங்கி வந்தா. கொட்டகையப் பாத்தா.

"இன்னொரு வண்டி எங்கம்மா?"

"ஹரிணி எடுத்துக்கிட்டுப் போயிருக்கறா."

"நான் எழுதி வச்சேனேம்மா."

"எழுதுனா? ஊருல எழுதறவங்க எல்லாரும் சொல்றதக் கேட்டுட்டு இருந்தா விழா நடத்த முடியுமா?"

"கூட யாரும்மா போயிருக்கறாங்க?"

"அந்தக் கட்டுரைப் புள்ள."

அவ ரேடியோகிட்ட ஓடுனா. ஹரிணி, ஹரிணின்னு கூப்புடறா, பதில் இல்ல. அப்பறந்தான் தெரிஞ்சுது, ஹரிணிக்குக் கேட்டுதாம். பதில் சொன்னா மார்க்குப் போயிருமேன்னு சொல்லலையாம். அத்தை திட்டுவாங்கன்னு பயமாம். நான் எப்பங்க திட்டுனேன்? தோத்துட்டு வந்தா என்ற மூஞ்சியில முழிக்காதேன்னு விளையாட்டுக்குச் சொல்லி அனுப்புனேன். அதப் போயி அவ அப்படி எடுத்துக்குவாளா?

ரேணுகா மறுபடி வண்டியில ஏறப் போனா. பரிசு குடுக்கறது ஆகட்டும், சனங்க பாக்கறாங்க, சித்த உக்காருன்னேன். நின்னு என்னையப் பாத்தா. என்ற அனுமதி இல்லாம வண்டிய எடுத்துக்கிட்டு மேல போயிட்டா. எழுதிக்குங்க, அனுமதி இல்லாம.

அன்னிக்குன்னு பாத்து மேல ஒரே புகைமூட்டம். ஹரிணி பன்னண்டு டிகிரி தள்ளிப் போனவ எங்க இருக்கறோம்னே தெரியாமச் சுத்தியிருக்கறா. போட்டிக்குன்னு பெட்ரோலும் அளவாத்தான் ஊத்துவோம். தீரப்போகுதுன்னதும் ஒரு சோளக்காட்டுல எறக்கியிருக்கறா. வாய்க்கா வரப்புல சக்கரம் மாட்டி வண்டி குப்புறக் கவுந்துருச்சு. ரேணுகாதான் மேல இருந்து தேடிக் கண்டுபுடிச்சு, அந்த எடத்து மேலயே சுத்திச் சுத்தி ஆளுங்களுக்கு வழி காட்டுனாளாம். பேப்பர்ல அவ போட்டோ. சங்கத்துப் பேரு கடைசி வரியில. நான் விழா நடத்துனதப் பத்தி ஒரு எழுத்து இல்ல.

ஹரிணிக்குக் கழுத்தெலும்பு முறிஞ்சுது. ஆஸ்பத்திரியில இருந்து நேரா அவங்கம்மா ஊட்டுக்குப் போனவதான், இன்னும் வரல. கழுத்தெலும்பு கூடறதுக்கு மூணு வருசமா ஆகும்? அந்தப் புள்ள மோனிஷாவுக்கு முன்பல்லு நாலும், தாடையில கொஞ்சமும் போயிருச்சு. எங்க பல் டாக்டர் பாமா, சங்கத்துச் செயலாளரு, இலவசமாக் கட்டிக் குடுத்தா. விழா வச்சுத்தான் குடுத்தோம். பல்லு கட்டுன மொகத்தோட அது சிரிக்கற போட்டோ, அதோ செவுத்துல மாட்டியிருக்குது பாருங்க. பேச்சுத்தான் கொஞ்சம் கொழறுது. ஆனா சிரிச்சா முன்னவிட நல்லா இருக்குதுங்க. முன்ன எத்துப் பல்லு.

விபத்துக்கு மறுநாளே அந்தச் சக்கரத்து மேல தார ஊத்தி மூடிட்டோம். ஓடுதளம் ரிப்பேரு எப்படியும் பண்ண வேண்டியதுதான். இப்பப் பொங்கலுக்குப் பொங்கலு அங்கதான் கோலப்போட்டி நடத்தறோம்.

விசாரணைக்கு வந்தாங்க. புஸ்தகத்தக் கேட்டாங்க, குடுத்தேன். முப்பத்தாறாம் பக்கம் இருக்குது, முப்பத்தெட்டு இருக்குது. நடுவுல ஒண்ணக் காணோம். ஒரு தாளுக்கு ஒரு பக்கந்தான், ஒவ்வொண்ணுலயும் நம்பரு அச்சடிச்சிருக்கும் பாருங்க, ஒளிக்க முடியாது. இந்தப் புஸ்தகம் யாரு பொறுப்புல இருக்கும்னு கேட்டாங்க. எப்பவும் இன்ஸ்ட்ரக்டரு ரேணுகா பொறுப்புலதான் இருக்குமுங்கன்னேன். எப்பவும்னுதாங்க சொன்னேன். அன்னிக்குன்னு சொல்லல. அவங்க அன்னிக்குன்னு கேக்கவும் இல்ல. நான் எழுதி வச்சேன், அம்மா கையிலதான் குடுத்தேன்னு அவ சொன்னா. சாட்சி யாருன்னாங்க. விழா அன்னிக்குப் பந்தல்ல இருந்த எங்க மெம்பருங்கள அவ ஒவ்வொருத்தராப் பாத்தா. எல்லாரும் என்னையப் பாத்தாங்க. நான் யாரையும் ஒண்ணும் சொல்லச் சொல்லல கண்ணு. சும்மா உக்காந்திருந்தேன்.

கோளாறு இருக்கறது தெரிஞ்சும் எழுதாம விட்டுட்டு, அப்பறம் எழுதுன மாதிரி காட்டறதுக்காகப் பக்கத்தக் கிழிச்சிருக்கறான்னு முடிவு பண்ணிட்டாங்க. அவங்க முடிவுங்க அது. நானா பண்ணுனேன்?

அவங்கப்பன் வந்து இந்த வாசல்ல நின்னாரு. லாரியையும் ஓட்ட முடியாம ஒரு காலு வீங்கிப்போச்சு. என்ற மனசு கேக்கல. லைசென்ஸ் இல்லாதவளுக்கு யாரு வேலை குடுப்பா? நான் குடுத்தேன். மூணு வருசமா எங்க சங்கத்து ஆபீஸ்லதான் இருக்கறா. லெட்டர் டைப் பண்ணுவா, அழைப்பிதழ் மடிப்பா, விழாவுக்கு நாற்காலி எண்ணிப் போடுவா. கும்பாபிசேகத்துக்குப் பூவ மூட்டையாக் கட்டி வண்டியில ஏத்தி விடறதும் அவதான். அவ கட்டுனா அவுறாது. இதவிட ஒருத்தருக்கு என்னங்க செய்ய முடியும்? கோவம் இருந்தா செய்வனா?

வேலையில ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. கையெழுத்தே அச்சுல கோத்த மாதிரி இருக்கும். அந்த வரி கூட அப்படித்தான் எழுதியிருந்தா. 'ஓடுதளத்துக்கு நேராக நிறுத்திப் பார்த்ததில் திசைகாட்டி பன்னிரண்டு டிகிரி தவறாகக் காட்டுகிறது. தரையிலுள்ள சக்கரமும் தவறு. இரண்டையும் சரிசெய்யும் வரை இந்த விமானம் பறக்கக் கூடாது.' கீழ பேரு, மணி எட்டு இருவது. திசைகாட்டி தப்புன்னு எழுது, சரி. தரையில இருக்கற சக்கரத்தப் பத்தி விமானத்துப் புஸ்தகத்துல எதுக்குங்க எழுதணும்? சக்கரம் விமானத்துல இருக்கற சாமானா? என்னையச் சொல்லிக் காட்டறதுக்குன்னே எழுதுனது. அந்த ஒரு வரிய மட்டும் அவ எழுதாம இருந்திருந்தா அந்தப் பக்கம் அங்கேயே இருந்திருக்கும்.

ஏனுங்க கண்ணு, பேனா நின்னுருச்சு?

எப்படித் தெரியும்னா? அவதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாளே. மணி எட்டு இருவதுங்கறது... அதுவும் சொல்லியிருப்பா. அங்கேயே இருந்திருக்கும்னு நான் சொன்னது பேச்சுக்குங்க. வயசானவ பேசறதுல எழுத்தெண்ணிப் பாப்பாங்களா?

நீங்க கெட்டிக்காரப் புள்ளைன்னு பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். வேலைக்குச் சேந்து எத்தன நாளாச்சுங்க? எட்டு மாசமா. இன்னும் நிரந்தரம் பண்ணலையா? பண்ணிருவாங்க. உங்க சேர்மன் சம்சாரம் எங்க சங்கத்துக்குப் புரவலருங்க. அடுத்த மாசம் விழாவுக்கு அவங்கதான் அந்தச் சேர்ல உக்காரப் போறாங்க. உங்க பேரு என்னன்னு சொன்னீங்க? நான் சொல்லி வைக்கறேன். நல்லாச் சொல்றேனா வேற மாதிரிச் சொல்றேனாங்கறது உங்க நோட்டுல இருக்குது.

அந்தக் கடைசிப் பக்கத்த அடிச்சுருங்க. சும்மா ஒரு கோடு போட்டாப் படிக்க முடியும், அழுத்தி அடிங்க. ம், அதுக்கும் மேல, அந்த 'ம்ம்' இருக்குதில்ல, அதையும். பாத்தீங்களா, சொன்னாப் புரிஞ்சுக்கற புள்ளை. உங்கள மாதிரி அவ இருந்திருந்தா இன்னேரம் எங்கியோ போயிருப்பா.

லெட்டரு இப்பவே குடுத்தர்றேன், எதுக்கு உங்கள இன்னொரு தடவ அலைய விடறது. ரேணுகா! ஏ ரேணுகா! நோட்ட எடுத்துக்கிட்டு இங்க வா. இவங்கதான் விமானக் கம்பெனியில இருந்து வந்திருக்கறாங்க, வணக்கம் சொல்லு. உக்கார வேண்டாம், மூணு வரிதான், நின்னுக்கிட்டே எழுதிக்க. கம்பெனி விலாசம் அவங்க லெட்டர்ல இருக்குது, பாத்துப் போட்டுக்க. எழுது. 'முப்பத்தேழாம் பக்கத்தை அகற்றியது யார் என்பது சங்கத்துக்குத் தெரியாது.' எழுதிட்டயா? 'புத்தகம் அப்போது செல்வி ரேணுகாதேவியின் பொறுப்பில் இருந்தது.' ம், எழுது, என்ன பாக்கற? 'அவருடைய எதிர்காலம் சிறக்கச் சங்கம் மனமார வாழ்த்துகிறது.' அவ்வளவுதான். கீழ என்ற பேரு. போயி டைப் பண்ணிக் கொண்டா, அவங்களுக்கு நேரமாகுது.

என்ன? எத்தன காப்பியா? மூணு எடு. ஒண்ணு கம்பெனிக்கு, ஒண்ணு சங்கத்துக்கு. ஒண்ண நீயே வச்சுக்க.

போறா பாருங்க. கேக்குதுங்களா, டைப் அடிக்கற சத்தம்? ஒரு எடத்துல கூட நிக்காம அடிக்கறா. ஒரு சொட்டுக் கண்ணுத்தண்ணி வரல, ஏம்மான்னு ஒரு வார்த்த கேக்கல. எனக்கு அவ மேல ஒரு கோவமும் இல்லீங்க கண்ணு. ஆனா இப்படி மனசக் கல்லா வச்சிருக்கறவள நம்பி, சனங்க எப்படிங்க விமானத்துல ஏறுவாங்க?